ஐந்துக்குக் கீழே

ஜனவரியில் மூன்றாம் வியாழன்.
ஹெரிஃபோர்டில் எங்கள் பள்ளியில் அன்று பிட்சா.
மற்ற வியாழன்களில் வேகவைத்த கேரட்டும்
பெயர் கேட்கத் துணியாத ஒரு கறியும்.
கணக்கெடுப்பு நாளில் எத்தனை பேர் தட்டேந்துகிறார்களோ
அத்தனை தலைக்குத்தான் ஆண்டு முழுக்கப் பணம்.
சமையலறை கில்லியன்
அன்றைக்கு மட்டும் உதட்டுச்சாயம் பூசி வருவாள்.

நான் அலுவலகத்தில் கட்டங்களை நிரப்புகிறேன்.
வீட்டில் பேசும் மொழி.
இனம்.
இலவச உணவு உண்டா இல்லையா.
இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குப் பதினேழு மொழி.
கோழி ஆலைக்கு வந்தவர்கள்,
ஸ்ட்ராபெரி வயலுக்கு வந்தவர்கள்,
ஆஸ்பத்திரி இரவுப் பணிக்கு வந்தவர்கள்,
எங்கிருந்தும் வராமல்
இதே வை ஆற்றங்கரையில்
மூன்று தலைமுறையாக ஏழையாய் இருப்பவர்கள்.

செப்டம்பரில் ராதோஸ்தினைச் சேர்க்க வந்த அப்பா
இனம் என்ற கட்டத்தில் விரலை நிறுத்தி
"எதைப் போட்டால் பிரச்சினை குறைவு?" என்றார்.
பட்டியலில் விடைகள் ஏராளம்.
அந்தக் கேள்விக்கு ஒன்றுமில்லை.
சொல்ல விருப்பமில்லை என்ற கடைசி வரியைக் காட்டினேன்.
"சொல்ல விருப்பம்தான்" என்றார்
கையெழுத்துப் போட்டபடியே.

எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை
என்று தேடினால் உங்களுக்குக் கிடைக்காது.
ஐந்துக்குக் கீழே போனால்
எண்ணை மறைத்து ஓர் எக்ஸ் இடுவது விதி.
ஆளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதாம்.
மஞ்சள் மழைக்கோட்டும் இரட்டைப் பின்னலுமாகத்
தெருவையே கூப்பிட்டுக்கொண்டு போகும் என் மிதுளா
அந்த எக்ஸுக்குள் இருக்கிறாள்.
தனியாக.

ஆறாம் வகுப்பில் இருபத்தைந்து பேர்.
ஆளுக்கு நான்கு சதவீதம்.
நான்கு சதவீதம் பரீட்சையன்று வாந்தி எடுத்தது.
நான்கு சதவீதத்தின் அம்மா பிப்ரவரியில் போய்விட்டாள்,
யாருடன் என்று ஊருக்கே தெரியும்.
நான்கு சதவீதம்
ஸ்ட்ராபெரி முடிந்ததும் பிளெவனுக்குப் போய்
மே மாதம், தேர்வுக்குப் பத்து நாள் முன்னால்
அதே கிழிந்த பையோடு திரும்பி வந்தது.
கணினி அவனைப் புதிய மாணவர் என்றது.
அவனோ நேராக நடந்து
தன் பழைய பதினான்காம் கொக்கியில் கோட்டை மாட்டினான்.
பிட்சா நாளில் இல்லாதவன்
முடிவு நாளில் இருக்கிறான்.

நூறு எடுத்தால் எட்டியவர்.
தொண்ணூற்றொன்பது என்றால் எட்டாதவர்.
கணக்கில் மிதுளா தொண்ணூற்றொன்பது;
அதைப் பதிவேற்றியது நான்தான்.

மதுரையிலிருந்து தம்பி போனில் கேட்டான்.
எண்ணை மட்டும் சொன்னேன்.
ஒரு நொடி அவன் மூச்சைக் காணோம். பிறகு ஒரு கத்தல்.
பொழுது சாய்வதற்குள்
பாதித் தெருவுக்குப் பால்கோவா போய்விட்டது.
இந்த ஊர் அளவுகோலே வேறடா என்று
சொல்ல வாயெடுத்தேன்.
கொடுத்த பால்கோவாவை எப்படித் திரும்பக் கேட்பது?

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் ஐம்பத்திரண்டு சதவீதம்,
நகரத்தில் கடைசிக்கு முந்திய இடம்.
வீட்டுத் தரகர் தன் விளம்பரத்திலிருந்து
பள்ளிக்கு மிக அருகில் என்ற வரியை எடுத்துவிட்டார்.
பள்ளி ஓரடிகூட நகரவில்லை.
தலைமையாசிரியை பிரிச்சர்ட்
பத்திரிகையை நான்காக மடித்து
கூரை ஒழுகும் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த வாளிக்கு
அண்டை கொடுத்தார்.

கோடை விடுமுறைக்கு முந்தைய நாள்
அலுவலகச் சன்னலில் ராதோஸ்தினின் தலை.
அவன் பெயருக்கு மகிழ்ச்சி என்று அர்த்தமாம்,
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
"இங்கே பிட்சா போடுவார்களாமே, மிஸ்,
நான் ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை. அது எந்த நாள்?"
ஜனவரி என்றேன்.
ஆகஸ்ட், செப்டம்பர் என்று
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினான்.
ஒன்றுகூடத் தப்பவில்லை.